அவுகசெடி

செருப்பக் கழட்டிராத தாயி, போட்டுக்கிட்டே வா. பாக்க வண்டிப்பாதையாட்டம் இருக்கும், பூரா நெருஞ்சி. போன தடவ வந்த உங்க மேடம் வெறுங்காலோட நடந்தா ஒடம்புக்கு நல்லதுன்னு கழட்டிக் கையில எடுத்துக்கிச்சு. பத்தடி போகல, கொக்காட்டம் ஒத்தக்கால்ல நின்னுருச்சு.

நீ பாக்க வந்த செடி ஓடையத் தாண்டி மேட்டுல இருக்கு. வெரசா நடந்தா ஒரு வெத்தல மெல்லுற நேரம். என் நடைக்கு ரெண்டு வெத்தல.

நீ வந்த சோலி எனக்குத் தெரியும். பஞ்சாயத்து கிளார்க்கு நேத்தே சொல்லிட்டாரு. "மூக்காயி, செடிப்பொஸ்தகத்துல நீ சொன்ன பேரு ஒண்ணு தப்பா ஏறிப்போச்சு, அத அடிச்சிட்டு சரியான பேரப் போடணும், காலேஜுல இருந்து ஒரு மேடம் வரும், கைநாட்டு வச்சிரு"ன்னு. என்னமோ ரேசன் கார்டுல பேர அடிக்கிற மாதிரி சொல்றாரு. அந்தப் பொஸ்தகத்துல நம்ம காட்டுச்செடி நாப்பத்தாறு இருக்கு. அதுல இருபத்தொம்பது நான் சொன்னது. ஒவ்வொண்ணுக்கும் அடியில எம்பேரு போட்டிருக்காம். எனக்குப் படிக்கத் தெரியாது, கிளார்க்குதான் வெரல வச்சு வச்சுக் காட்டுனாரு. இருபத்தொம்பது எடத்துலயும் ஒரே மாதிரி எழுத்து இருக்கான்னு நான் பாத்துக்கிட்டேன்.

இப்ப ஒண்ண அடிக்கணும்ங்கிற. அடிக்கலாமா வேணாமான்னு செடிகிட்டப் போயிச் சொல்றேன். வா.

இந்தா, நிக்கிறது நொச்சி. ஒரு காம்புல விரிச்ச கையாட்டம் இலை இருக்கு பாரு. சும்மா மோந்தா ஒண்ணும் தெரியாது. உள்ளங்கையில வச்சுக் கசக்கு. இன்னும். ஒனக்குக் கையில வலுவே இல்லையே. ஆங், இப்ப மோந்து பாரு. மண்டைக்குள்ள போகுதுல்ல? எங்க ஆத்தா சொல்லும், காட்டுச்செடி பூவுல வாசத்த வைக்காது, இலையில ஒளிச்சு வைக்கும், வலிச்சாத்தான் குடுக்கும்னு. எங்க ஆத்தாளுக்குப் பொழப்பே அதுதான். இலை பறிச்சு மூட்டை கட்டி, சந்தையில நாட்டுமருந்துக் கடையில போடும். நானும் என் தங்கச்சியும் ஆளுக்கொரு மூட்டை தலையில. என் மூட்டைதான் பெருசு, நான் மூத்தவ.

தங்கச்சி பேரா? ராக்கு. வருவா, கதையில வருவா. எல்லாத்துலயும்தான் வந்தா.

அது உண்ணிச்செடி, அத எழுதாத. பூ கலர் கலரா இருக்குன்னு போட்டா புடிக்காத. அது நம்ம செடியில்ல, எங்கிட்டிருந்தோ வந்து காட்டப் பூரா புடிச்சிக்கிருச்சு. எடங்குடுத்தா அம்புட்டுத்தான். வாசமும் வாசமில்ல, நாத்தமும் நாத்தமில்ல.

ஒன் வீட்டுக்காரரு என்ன பண்றாரு தாயி? பேங்குலயா. சரி. பேரு? ஏ யம்மா! கேட்டதும் பட்டுன்னு சொல்லிட்டியே! வீட்டுலயும் பேரச் சொல்லித்தான் கூப்புடுவியா? ஆளு நல்லா இருக்காரா? சளி கிளி புடிக்குதா? ஒண்ணுமில்லையா. ம். வயசுப்புள்ளை, தாங்குது.

எங்க பக்கத்துல கட்டுனவன் பேர வாயால சொல்ல மாட்டோம். சொன்னா ஒவ்வொரு தடவைக்கும் அவன் ஆயுசுல ஒரு துண்டு கொறையும். எங்க அய்யா பேரு கருப்பன். எங்காத்தா கருப்பட்டிய கருப்பட்டின்னு சொன்னதில்ல. "இருட்டுக்கட்டி"ம்பா. கடைக்காரன் முழிப்பான். கருப்புக் கோழிக்கு இருட்டுக் கோழி. கருப்பசாமி கோயிலுக்குப் போனா "எங்க வீட்டு ஆளு பேருல இருக்கிற சாமி"ன்னு கும்புடுவா. அய்யா தொண்ணூறு வயசு இருந்தாக தெரியும்ல. பல்லு ஒண்ணு விழல.

நானும் அப்படித்தான். எங்க வீட்டுக்காரவுக பேரு... பெருமா கோயில்ல தீர்த்தத்துல போட்டுக் குடுப்பாகல்ல, ஒரு இலை? சாமிக்கு மாலையாக் கட்டிப் போடுவாகல்ல? ஆங், அதேதான். நீ சொல்லிக்க, ஒனக்கென்ன. நான் சொல்லக்கூடாது.

ஓட்டுக்கு எழுத வந்தப்ப ஒரு வாத்தியாரு, "புருசன் பேரு என்னம்மா"ன்னாரு. நான் பெருமா கோயிலக் கையக் காட்டுனேன். அந்தாளு "பெருமாள்"னு எழுதிட்டுப் போயிட்டாரு. ரேசன் கார்டுக்கு வந்த ஆளு கொஞ்சம் வெவரம், நான் கோயில் மாலையக் காட்டவும் சரியா எழுதிட்டாரு. அப்புறம் பென்சனுக்கு ரெண்டு கார்டையும் கொண்டு போனா, தாலுகாபீசுல ஒரு ஆளு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாத்துட்டு, "ஏம்மா, ஒனக்கு ரெண்டு புருசனா?"ங்கிறாரு. ஆபீசே சிரிக்குது. நான் சொன்னேன், "அய்யா, எனக்கு ஒண்ணே முழுசா இல்ல, இதுல ரெண்டு எங்கிட்டு இருந்து வரும்"னு. சிரிப்பு நின்னுபோச்சு. பென்சனும் நின்னுபோச்சு, அது வேற கத.

மெதுவா வா, அது குருந்து. முள்ளு இருக்கும். இலையக் கிழிச்சு மோந்து பாரு. எலுமிச்சம்பழம் மாதிரி அடிக்குதா? ஆங். முள்ளும் வாசமும் சேந்தே இருக்கிற சாதி.

ஒண்ணே முழுசா இல்லேன்னேன்ல. சொல்றேன். எனக்கு ரெண்டு பேறுகாலம், ரெண்டுமே நிக்கல. ரெண்டாவதுல நான் பாயோட பாயாக் கெடந்தேன், மூணு மாசம். அவுக அப்ப மாந்தோப்புக் காவல். சோறு கொண்டு போக ஆளில்ல. யார அனுப்புறது? ராக்குதான் வீட்டுல சும்மா இருந்தா. நாந்தான் தாயி அனுப்புனேன். நானே தூக்குவாளியில சோத்தப் போட்டு, மேல துவையல வச்சு, "சூடு ஆறுறதுக்குள்ள கொண்டு போ, அவுக சூடாத்தான் சாப்புடுவாக"ன்னு சொல்லி அனுப்புனேன். பாயில இருந்து எந்திரிக்க முடியாதவ, சோறு ஆறிரக் கூடாதுன்னு கவலப்பட்டிருக்கேன் பாரு.

வாளி திரும்பி வந்துக்கிட்டிருந்துச்சு. பெறகு வாளி மட்டும் வந்துச்சு. யாரோ ஒரு ஆடு மேய்க்கிற ஆளுகிட்டக் குடுத்துவிட்டுட்டா.

இதான் ஓட. இப்ப தண்ணி இல்ல. அப்ப முழங்காலுக்கு ஓடும், எரைச்சலா ஓடும். கல்லு உருளும், என் கையப் புடிச்சிக்க. நான் ஒன்னப் புடிச்சிக்கிறேன்னு வச்சுக்க.

இந்த எடத்துலதான் நின்னேன். வீட்டுக்கு வந்து அவுக துணிமணி, அருவா, பாயி எல்லாம் மூட்டையாக் கட்டித் தோள்ல வச்சுக்கிட்டுப் போறாக. நான் பேறுகாலத்து ஒடம்போட பின்னாடியே ஓடியாறேன். அவுக நடு ஓடையில போறாக. கூப்புடணும். எப்படிக் கூப்புடுறது? பேரச் சொல்லக் கூடாதே. "இந்தாங்க... இந்தாங்க..."ன்னு கத்துறேன். அங்கிட்டு ஒரு வண்டிக்காரன் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருந்தான், அவன் திரும்புனான். கரையில வேட்டி தொவச்சுக்கிட்டிருந்த டீக்கடைக்காரரு திரும்புனாரு. "என்னயவா தாயி?"ங்கிறாரு. ஊர்ல இருக்கிற ஆம்பளையெல்லாம் திரும்பிப் பாக்குறான். இவுக மட்டும் திரும்பல. தண்ணி எரைச்சல்ல கேட்டுச்சோ, கேக்கலையோ. போயிட்டாக.

அது ஆச்சு நாப்பத்தோரு வருசம்.

ஊரு விட்டுப் போகல. இந்தா, ஓடைக்கு இங்கிட்டு நான், அங்கிட்டு தோப்புல அவுக ரெண்டு பேரும். சத்தம் போட்டுப் பேசுனா இங்க கேக்கும். நான் கேக்க மாட்டேன். காத்து அங்கிட்டிருந்து வீசுனா சன்னலச் சாத்திருவேன். எப்பவாவது ஊருக்குள்ள வந்தா என் வாசலத் தாண்டித்தான் போகணும். ஆடிக்கும் பொங்கலுக்கும் வாசல்ல நின்னு ஒரு பைய வச்சிட்டுப் போவாக. "இந்தா"ன்னு ஒரு வார்த்தை. எனக்கு அவுக வச்ச பேரே அதுதான். கட்டுன நாள்ல இருந்தே "இந்தா, தண்ணி". "இந்தா, சோறு". மூக்காயின்னு கூப்புட்டதே இல்ல. ஆம்பளைக்கு அப்படி ஒண்ணும் சட்டம் கெடையாது, ஆனா கூப்புடல.

அவுக வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்கு வாசல்ல ஒரு வாசம் கெடக்கும். தோப்புல கொசுவுக்கு ஒரு செடியப் புடுங்கிப் போட்டுப் பொகைய விடுவாக. அந்த வாசம் துண்டுல, தலையில, வேட்டியில பூரா ஏறிக் கெடக்கும். காதுல ஒரு கொப்ப ஒடிச்சுச் சொருகிக்கிருவாக வேற. எனக்குப் புடிக்காது. அந்தப் பைய வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போகவே மாட்டேன், வாசல்லயே பிரிச்சு சாமானெல்லாம் எடுத்துட்டு, பைய மட்டும் பானைக்கடியில மடிச்சு வப்பேன். எதுக்கு வீணாப் போட?

அந்தச் செடிதான் இப்ப நாம பாக்கப் போறது. அதுக்குப் பேரு அவுக பேருதான். முன்னாடி மட்டும் ஒரு பிராணி பேரு சேத்துக்கணும். தெருவுல கொலைக்கும்ல, அது. ஆமா, சிரி. சாமிக்குப் போடுறது ஒண்ணு, காட்டுல சும்மா மொளைக்கிறது ஒண்ணு. காட்டுல மொளைக்கிறதுக்கு அந்தப் பேரு. பொருத்தமாத்தான் வச்சிருக்காக, எவனோ நம்ம வீட்டு ஆளத் தெரிஞ்சவன் வச்சிருக்கான். ஆனா நான் அதையும் சொல்ல முடியாது பாத்தியா. திட்டுறதுக்குக் கூட அந்தப் பேரு வாயில வரக்கூடாதே. நான் "அவுக செடி"ம்பேன். எங்க தெருவுல எல்லாருக்கும் அது தெரியும். "மூக்காயி, ஒங்க அவுக செடி ரெண்டு கொப்பு ஒடிச்சிட்டு வா, கொசு தாங்கல"ம்பாளுக.

வேற பேரு இருக்கா? என்னது? கஞ்சாங்கோரையா? ஏ ஆத்தி, கஞ்சாவா! அதச் சொன்னா போலீசு வந்துரும் தாயி, நீ சும்மா வா.

மார்கழியில உங்க மேடம் வந்துச்சு. நாலு படிக்கிற புள்ளைக, கிளார்க்கு, தலைவரு. ஊர்ல செடி தெரிஞ்ச ஆளு யாருன்னு கேட்டிருக்கு. கூறுகெட்ட கிளார்க்கு என்னையும் வரச் சொல்லி, தோப்புக்கும் ஆளு விட்டு அவளையும் வரச் சொல்லிட்டாரு. ஓடைக்கிட்ட வந்து பாக்குறேன், அவ நிக்கிறா. நாப்பத்தோரு வருசத்துல அம்புட்டுப் பக்கத்துல பாத்ததில்ல. முடி பூரா நரைச்சுப்போச்சு. என்னைய விட ஆறு வருசம் சின்னவ, என்னைய விடக் கெழவியாட்டம் இருக்கா. எனக்கு அது... சந்தோசமெல்லாம் இல்ல. சும்மா பாத்தேன்.

நான் பாதைக்கு இந்தப் பக்கம், அவ அந்தப் பக்கம். நடுவுல உங்க மேடமும் நோட்டும். நான் "நொச்சி"ன்னா, அவ "கருநொச்சி வேற இருக்கு, மேல மடையில"ம்பா. நான் "தழுதாழை, பூ வாசம் தூக்கும்"னா, அவ "இலைய அரைச்சா வாதத்துக்கு"ம்பா. நான் பேய்விரட்டியக் காட்டி, "பச்ச இலையத் திரிச்சு எண்ணெயில போட்டா திரியாட்டம் எரியும் தாயி"ங்கிறேன். அவ அதுக்குள்ள இலையப் பறிச்சுத் திரிச்சே காட்டிட்டா. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்குறதில்ல, மேடத்தைப் பாத்துத்தான் பேசுறோம். அந்தப் பொண்ணு இங்கிட்டும் அங்கிட்டும் கழுத்தத் திருப்பித் திருப்பி எழுதுது. படிக்கிற புள்ளைகளுக்கு ஒரே குசி, பந்தயம் பாக்குற மாதிரி. ஒரு பீநாறிச் செடி வந்துச்சு. அதுக்கு மட்டும் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல "பீநாறி"ன்னுட்டோம். எல்லாரும் சிரிச்சாக. அவளும் சிரிச்சா. நான் சிரிக்கல. சிரிப்பு வந்துச்சு, சிரிக்கல.

சின்னப்புள்ளையில அவளுக்கு அந்தப் பீநாறிய மோக்கக் குடுத்து ஏமாத்துனது நாந்தான். அது எதுக்கு இப்ப.

மேட்டுக்கு வந்தோம். அந்தச் செடி நிக்குது, பூத்துக்கிட்டு. நாந்தான் மொதல்ல பாத்தேன். எனக்குத் தெரியாம இருக்குமா. போயி ஒரு கொப்ப ஒடிச்சு, கசக்கி, மேடத்துகிட்டக் குடுத்தேன். "ஆ, நல்லா இருக்கே பாட்டி, இது பேரென்ன?"ன்னுச்சு.

"அவுக செடி"ன்னேன்.

அந்தப் பொண்ணு அப்படியே எழுதிருச்சு. அ, வு, கன்னு. சேத்து ஒரே வார்த்தையா. "அவுகசெடி"யாம். எம்பேரையும் அடியில போட்டுச்சு. நான் வேணும்னா சொன்னேன்? எனக்கு வாயில வர்ற பேரு அதுதான். கிளார்க்கு சிரிப்ப அடக்க முடியாம அங்கிட்டுத் திரும்பிக்கிட்டாரு.

அப்பத்தான் ராக்கு வாயத் தொறந்தா. நாப்பத்தோரு வருசம் கழிச்சு என்கிட்டப் பேசுன மொத வார்த்தை, கேளு. "ஏக்கா, பேரச் சொன்னா உசிரா போயிரும்?"னா. சொல்லிட்டு, மேடத்தப் பாத்து, பிராணியில ஆரம்பிச்சு அவுக பேருல முடிச்சா. முழுசா. சத்தமா. ஒரு கூச்சம் இல்ல, வாயப் பொத்தல, தலையக் குனியல. ஆட்டக் கூப்புடுற மாதிரி சொன்னா. நான் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டேன், ஆனா பொத்துறதுக்கு முன்னாடி கேட்டுப்போச்சு.

"பாவி, கொன்னுறாத"ன்னேன்.

பத்தொம்பது நாளு. மார்கழி போயி தை பொறந்து ஒரு வாரம். அவுக போயிட்டாக.

நீ என்ன நெனைக்கிறன்னு தெரியும். மூணு வருசமா மூச்சு இழுத்துக்கிட்டுத்தான் கெடந்தாக, பெரியாசுபத்திரியில கூட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாக, எழுபத்தெட்டு வயசு. அதெல்லாம் இருக்கட்டும். அது வேற. மூணு வருசம் இழுத்துக்கிட்டுக் கெடந்த உசுரு, அவ சொல்லி பத்தொம்பதாம் நாளு ஏன் போகணும்? அதச் சொல்லு. படிச்சவதான நீ.

போனேன். போகாம? தாலி என் கழுத்துலதான கெடந்துச்சு. நாப்பத்தோரு வருசம் கழிச்சு ஓடையத் தாண்டித் தோப்புக்குள்ள போறேன். குடிசைக்கு வெளியிலயே சத்தம் கேக்குது. அவ அழுகுறா. எப்படி அழுகுறா? ஒப்பாரி இல்ல, மாருல அடிச்சுக்கிறல. அவுக மூஞ்சியப் புடிச்சிக்கிட்டு, பேரச் சொல்லிக் கூப்புடுறா. எந்திரி, எந்திரின்னு. பேரச் சொல்லி, எந்திரின்னு. நான் வாசல்லயே நின்னுட்டேன்.

பக்கத்துத் தோப்புக் காவக்காரன் பொண்டாட்டி சோலையம்மா எம்பக்கத்துல வந்து நின்னா. நான் கேட்டேன், "என்னடி இது, செத்தவுக பேர இப்படிப் போட்டுக் கூப்புடுறா, வெக்கமில்லாம?" அவ என்னைய ஒரு மாதிரியாப் பாத்தா. "பெரியம்மா, சின்னம்மா எப்பவும் அப்படித்தான. விடிஞ்சா அடஞ்சா பேரச் சொல்லித்தான் கூப்புடுவாக. அவரும் ‘என்ன ராக்கு’ம்பாரு. எங்களுக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு"ன்னா.

தெனமும்! தெனமும் தாயி! கஞ்சிக்கு ஒரு தடவ, வெத்தலைக்கு ஒரு தடவ, வெறகுக்கு ஒரு தடவ. நாப்பத்தோரு வருசம்! ஒரு தடவைக்கு ஒரு துண்டுன்னு வச்சா எம்புட்டு ஆச்சு? கொஞ்சங்கொஞ்சமா அறுத்திருக்கா. நான் ஒருத்தி இங்கிட்டு இருந்து வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன், அதனாலதான் எழுபத்தெட்டு வரைக்கும் நின்னாக. இல்லேன்னா அப்பவே போயிருப்பாக. இது அவுகளுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஒரு நன்றி உண்டா?

என்ன தாயி? தண்ணி குடிக்கிறியா? குடி. என்னைய என்னத்துக்கு அப்படிப் பரிதாபமாப் பாக்குற. எனக்கு என்ன கொறச்சல்.

இந்தா, வந்தாச்சு. இதான். போட்டோ புடிச்சிக்க. இடுப்பு ஒசரம்தான், பூ கொத்துக் கொத்தா மேல நிக்கும். தடவிப் பாரு, கசக்கக் கூட வேணாம், சும்மா கை பட்டாலே குடுத்துரும். மத்த செடி மாதிரி வலிக்கணும்னு இல்ல. யாரு தொட்டாலும் குடுத்துரும். அப்படிச் சாதி.

அந்தா அங்க ஒரு மண்மேடு தெரியுதுல்ல? அங்கதான் அவுகளப் பொதச்சிருக்கு. அதுக்கு மேலயும் ரெண்டு மொளைச்சிருக்கு. நான் போயிப் பாக்குறதில்ல. காத்தாலயும் சாயங்காலமும் இந்தப் பக்கமா நடக்குறப்ப கண்ணுல படும், அவ்வளவுதான்.

சரி, பேப்பர எடு. படி. எனக்குக் கேக்குற மாதிரி படி. "அவுகசெடி என்ற பெயரை நீக்கி"... சரி. நாய்... ம், நீ படி. பெறகு? "தகவல் தந்தவர்"... அப்படின்னா? சொன்ன ஆளா? யாரு பேரு போட்டிருக்கு? எம்பேரு இல்லையா?

ராக்குவா.

கைநாட்டு வச்சிட்டாளா? இந்தா, இந்த நீல ரேகை அவளோடதா? எப்ப வச்சா? காலையிலயா? அப்ப நீ அங்க போயிட்டுத்தான் என்கிட்ட வந்தியா. காப்பி குடுத்தாளா? குடுத்திருப்பா. சூடாக் குடுத்திருப்பா, நாஞ் சொல்லிக்குடுத்ததுதான.

அடிச்சிட்டு அவ பேரப் போடுவீகளா. எனக்கு இருபத்தெட்டாயிருமா. இருபத்தெட்டு ஆனா என்ன, இருபது ஆனா என்ன, எத வேணா எடுத்துக்கட்டும். நொச்சிய எடுத்துக்கட்டும், குருந்த எடுத்துக்கட்டும். இதத்தான் எடுக்கணுமா? தோப்பு அவளுக்கு. குடிசை அவளுக்கு. நாப்பத்தோரு வருசமும் அவளுக்கு. கடைசியில வாயில பாலு ஊத்துனது அவ. எனக்கு என்ன இருந்துச்சு? வருசத்துக்கு ரெண்டு பை. அப்புறம் இந்தச் செடி. ஆடு கூடத் திங்காத செடி. ஒரு பொஸ்தகத்துல, ஒரு ஓரத்துல, அவுகளும் நானும் ஒண்ணா மேலயும் கீழயுமா இருந்தோம். அதுவும் தப்பா விழுந்தது. அதுவும் பொறுக்கலையா அவளுக்கு? அவளுக்கென்ன, வா துளசி, போ துளசி, கஞ்சி குடி துளசின்னு வாய் நெறையக் கூப்புட்டு வாழ்ந்துட்டா, நான் ஒருத்தி...

என்ன.

ஏன் எழுதுறத நிறுத்திட்ட. என்ன சொன்னேன்?

சொல்லிட்டனா?

மூணு தடவையா.

இரு. இரு தாயி, நான் கொஞ்சம் ஒக்காந்துக்கிறேன். இல்ல, தண்ணி வேணாம். சும்மா ஒக்காரு நீயும்.

ஒண்ணும் ஆகலையே. இந்தா, ஓட கெடக்கு, மேடு கெடக்கு. அங்கிட்டு ஒரு ஆடு கத்துது. ஒண்ணும் ஆகல. ஆகுறதுக்குத்தான் ஆளு இல்லையே, இனி யாருக்கு என்ன ஆகும்.

இம்புட்டுச் சின்னப் பேரா அது. நான் என்னமோன்னு நெனச்சிருந்தேன்.

தாயி, ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு ஓடைக்கரையில "இந்தாங்க இந்தாங்க"ன்னு கத்துனேன்ல. ஊருல உள்ளவனெல்லாம் திரும்புனான்ல. அப்ப இந்தப் பேர ஒரு தடவ, ஒரே ஒரு தடவ சத்தமாச் சொல்லியிருந்தா, திரும்பியிருப்பாகளோ? ஆயுசுல ஒரு துண்டுதான கொறஞ்சிருக்கும்?

நீ சொல்லாத. தெரிஞ்சாலும் சொல்லாத.

எந்திரிக்கணும், கையக் குடு. ஒனக்கு மூணு மணி பஸ்ஸு, அத விட்டா அஞ்சரைதான். பேப்பர மடிக்காத, இரு. ஒண்ணு கேட்டுக்கிறேன். ஒரு செடிக்கு ஒரு பேருதான் போடணுமா, ரெண்டு பேரு போடலாமா?

போடலாமா? ஊருக்கு ஊரு ரெண்டு மூணு கூடப் போடுவாகளா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன! இம்புட்டு தூரம் என்னைய நடக்க விட்டு, என் வாயக் கிளறி!

மையக் கொண்டா. வெரல நல்லா அழுத்திப் புடி, தேஞ்சுபோன ரேகை, விழாது. அவ சொன்னதும் இருக்கட்டும், அவ பேரும் இருக்கட்டும். என்னோடத அடிக்காத. ரெண்டையும் போடு. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா.

மேல என்னோடது. நான் மூத்தவ.